கூப்பிட்ட குரலுக்கு

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது பழமொழி. அதன் பொருளைக் கண்ணாரக் காண விரும்புவோர் மாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்கு வரலாம். ஒரு வாசலில் "மணீ, மணீ" என்று ஓர் அம்மா கூவுவார். மணி ஒருமுறை திரும்பிப் பார்க்கும். பின்பு தன் போக்கில் ஓடும். அடுத்த வாசலில் ஒரு தாத்தா "டைகரு, வாலே இங்க" என்பார். டைகர் அப்போதுதான் குப்பைமேட்டை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருக்கும். சங்கரன்கோவில் பிரியாணியின் மணம் காற்றில் கலந்து வரும் நேரமாக இருந்துவிட்டால், தெருவில் ஒரு நாய்க்கும் காது இருப்பதாகத் தெரியாது.

மாணவ நண்பர்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். கூப்பிட்டவுடன் வராத நாய் வேடிக்கைக்கு உரியது என்று எண்ணியிருந்தேன். அது உயிர்ப் பிரச்சினை என்பதை ஒரு மாலைப்பொழுது எனக்குக் கற்பித்தது. தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்கு நாய் வளர்ப்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: தவறு செய்து, இழந்து, பிறகு கற்றுக்கொண்டவன் என்ற தகுதி ஒன்றே.

வீரனின் கதை

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் வீரன் என்றொரு நாய் இருந்தது. சிப்பிப்பாறைக் கலப்பு. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய முகம். எங்கள் வீடு ஊரின் ஓரத்தில், இராசபாளையம் சாலைக்கு அருகில் உள்ளது. கட்டை அவிழ்த்தால் வீரன் காற்றாகப் பறக்கும், கூப்பிட்டால் வராது. பசித்த பிறகோ, களைத்த பிறகோ தானாக வரும். வந்ததும் நான் என்ன செய்வேன்? வேப்பங்குச்சியால் இரண்டு அடி கொடுப்பேன். "ஓடுவியா? இனிமே ஓடுவியா?" என்று கேட்டுக்கொண்டே அடிப்பேன். ஓடிப்போனதற்குத் தண்டனை கொடுத்ததாக எனக்கு நினைப்பு.

ஆனி மாதத்து மாலை ஒன்றில் வீரன் மீண்டும் ஓடிற்று. சாலையின் மறுபுறம் ஓர் ஆட்டு மந்தை போய்க்கொண்டிருந்தது. குச்சியோடு பின்னாலேயே ஓடிய நான், "வீரா, வா!" என்று கத்தினேன். என் குரல் அதற்குக் கேட்டது என்பதில் ஐயமில்லை. சாலையோரத்தில் நின்று அது என்னைத் திரும்பிப் பார்த்தது. வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிக்கொண்டது. மறுகணம் சாலைக்குள் பாய்ந்தது. அந்த நேரம் ஒரு லாரி வந்தது.

ஆட்டைக் கண்ட ஆசையால் ஓடிவிட்டது என்றே வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நெடுநாள் நானும் அப்படியே நம்பினேன். ஆனால் அந்தக் கடைசிப் பார்வை மனத்தை விட்டு அகலவில்லை. வீரன் ஆட்டை நோக்கி ஓடவில்லை; என்னிடமிருந்து ஓடிற்று.

கிடைக்காரர் சொன்ன பாடம்

நம் கரிசல் சீமையில் அறுவடை முடிந்த நிலங்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் வழக்கம் உண்டு. மறு ஆண்டு எங்கள் உறவினர் புஞ்சையில் கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இரண்டு நாய்கள் இருந்தன. அவை தொலைவில் எதையோ துரத்திக்கொண்டிருந்தன. பெரியவர் நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தார். இரண்டும் அப்படியே திரும்பி, புழுதி பறக்க ஓடிவந்து, அவர் காலடியில் நின்றன. அவர் தூக்குச்சட்டியிலிருந்து ஆளுக்கொரு கவளம் போட்டார்.

"அய்யா, இதுகளுக்கு என்ன வித்தை சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வித்தை என்ன தம்பி வித்தை? நான் கூப்புட்டு வந்த நாயை இதுவரைக்கும் அடிச்சது கிடையாது. தப்புப் பண்ணுனா நான்தான் எந்திரிச்சு அதுகிட்டப் போவேன். என்கிட்ட வந்துட்டா அதுக்கு அடி கிடையாது. வந்ததுக்கு ஒரு வாய் சோறு. கூப்புட்டு வச்சு அடிச்சா பொறவு எப்படிய்யா வரும்? நீ வருவியா?"

அவர் என்னைக் குறிவைத்துக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னால் நிமிர்ந்து விடை சொல்ல முடியவில்லை.

அறிவியல் கூறுவது

பெரியவர் ஒரு வரியில் சொன்னதை உளவியல் அறிஞர்கள் ஆய்வுக்கூடங்களில் நிறுவியிருக்கிறார்கள். 1898ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை வெளிவரக் கற்கும் முறையை ஆராய்ந்தார். நல்ல விளைவைத் தரும் செயல் வலுப்பெறும். துன்பம் தரும் செயல் தேயும் என்பது அவர் கண்ட விதி. பின்னர் ஸ்கின்னர் இதனை மேலும் விரிவாக வளர்த்தார்.

இந்த விதியை வீரனுக்குப் பொருத்திப் பாருங்கள். அது ஓடிற்று, காற்று, மணம், துரத்தும் இன்பம் ஆகியவை கிடைத்தன. ஆகவே ஓடுதல் வலுப்பெற்றது. அது என்னிடம் வந்தது, அடி கிடைத்தது. ஆகவே வருதல் தேய்ந்தது. ஓடியதற்காக அடிக்கிறேன் என்பது என் கணக்கு. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன் செய்த செயலையும் இப்போது விழும் அடியையும் நாய் முடிச்சுப் போடாது. அடி விழும் கணத்தில் அது செய்துகொண்டிருந்தது என்னிடம் வந்ததே. நான் வீரனுக்கு ஓராண்டுக் காலம், அன்றாடம், "வராதே" என்ற பாடத்தை நடத்தியிருக்கிறேன்!

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக் கட்டுரைகளில் எழுதி வந்திருக்கிறோம். நன்றி வேறு, பழக்கம் வேறு. வீரனுக்கு என்மேல் அன்பு இல்லாமல் இல்லை. இரவில் என் கட்டிலுக்கடியில்தான் படுக்கும். ஆனால் "வா" என்னும் சொல்லுக்கு அதன் அகராதியில் "அடி" என்று பொருள் எழுதியவன் நான்.

நம் வட்டார நாய்களின் இயல்பு

பயிற்சி முறைக்குப் போகுமுன் நம் பகுதி நாய்களின் இயல்பையும் சற்று நோக்குவோம். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடப் பழக்கப்பட்டவை. அசையும் பொருளைக் கண்டால் துரத்துவது அவற்றின் பிறவிக்குணம். தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்கென்றே அவற்றை வளர்த்த நம் முன்னோர்கள், மனிதனைத் திரும்பிப் பார்க்காமல் ஓடும் நாயையே விரும்பித் தேர்ந்தார்கள். அத்தகைய நாயிடம் "முயலை விட்டுவிட்டு என்னிடம் வா" என்று கேட்பது பெரிய கோரிக்கை. ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலோ இன்று நம் புஞ்சைகளில் கோழியைப்போல் திரிகிறது. அதைத் துரத்திப் பிடிப்பதும் குற்றமே.

இராசபாளையம் நாயைப் பற்றி ஒரு தனிக் குறிப்பு. பால் வெண்மையான உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஆனால் இவ்வினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உட்செவியின் நலத்துக்கும் தேவை. அவை அங்கே இல்லாதபோது செவிப்புலன் அழிகிறது. ஆகவே வெள்ளைக் குட்டி கூப்பிட்டும் வரவில்லையென்றால், அதனைத் திமிர் என்று முடிவுகட்டாதீர்கள். அது தூங்கும்போது, தரை அதிராமலும் காற்றுப் படாமலும், பின்னால் நின்று ஒரு சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது அசையவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயும் கற்கும்; அதற்குக் குரலுக்குப் பதில் கையசைவு வேண்டும், அவ்வளவே.

பயிற்சி முறை

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் செவலை என்ற பெண்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இதுவும் சிப்பிப்பாறைக் கலப்புத்தான். இம்முறை நான் குச்சியை எடுக்கவில்லை. நான் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, சொல். "வா" என்பதை நாம் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிறோம். "தோ, தோ" என்பதோ ஊர் நாய்களுக்கெல்லாம் பொதுச்சொத்து. தேய்ந்துபோன காசு செல்லாது. ஆகவே செவலைக்கென்று விசிலைத் தேர்ந்தேன். விசிலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அதில் கோபம் தெரியாது. பேருந்து நடத்துநர்கள் ஒன்றும் இரண்டுமாக ஊதுவதால், குழப்பம் நேராதிருக்க மூன்று குறுவிசில் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, கூலி. முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். செவலை என் அருகில் நிற்கும்போதே மூன்று விசில். உடனே வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். ஒரு நாளைக்குப் பத்து முறை. விசில் முன்னே, ஈரல் பின்னே. இந்த வரிசை மாறக்கூடாது. ஒரு வாரத்தில் விசில் கேட்டதும் செவலையின் தலை தானாக என் பக்கம் திரும்பிற்று. இது இரஷ்ய அறிஞர் பாவ்லவ் காட்டிய வழி. கூலிக்காகப் பிரியாணி எலும்பைப் போடும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், வெங்காயமும் நாய்க்கு நஞ்சு.

மூன்றாவது, கயிறு. இரண்டாம் வாரம் கொல்லைப்புறம். நான்காம் வாரம் தெரு. இரண்டு மாதம் கழித்துப் புஞ்சை. வீட்டைத் தாண்டிய நாள் முதல் முப்பதடிக் கயிறு எப்போதும் உண்டு. கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டக்கூடாது. வேகமாக ஓடும் நாய் கயிறு தீரும் இடத்தில் வெட்டி இழுக்கப்பட்டால் கழுத்து அடிபடும். நெஞ்சைச் சுற்றிவரும் பட்டையில் கட்டவேண்டும். கயிற்றை நாம் கையில் சுற்றிக்கொள்வதும் ஆபத்து. நாயைச் சுண்டி இழுத்து வரவழைப்பதற்காகக் கயிறு கட்டவில்லை. நம்மை மீறி ஓடிப்போய் இன்பம் காணும் வாய்ப்பை மறுப்பதற்கே கட்டுகிறோம்.

நான்காவது, இடையூறுகளின் ஏணி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வீட்டுக்குள் வருகிற நாயை மறுநாளே சந்தைக்குக் கூட்டிப்போய்க் கூப்பிடுகிறார்கள். அது அரிச்சுவடி படித்த பிள்ளையைப் பட்டப்படிப்புத் தேர்வில் உட்கார வைப்பதாகும். நான் ஒரு தாளில் செவலையை ஈர்க்கும் பொருள்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினேன்: கீழே கிடக்கும் காய்ந்த இலை, தெருவில் போகும் மிதிவண்டி, அடுத்த வீட்டுப் பிள்ளைகள், கோழி, வேறு நாய், ஆடு, மயில், முயல். ஒரு படியில் பத்து முறை கூப்பிட்டு எட்டு முறையாவது வந்த பிறகே அடுத்த படி. புதிய படிக்குப் போகும்போது தூரத்தைக் குறைத்துக்கொள்வேன். கோழி நூறடி தள்ளி இருக்கும்போது பத்தடியிலிருந்து கூப்பிடுவது. பிறகு சிறிது சிறிதாக நெருங்குவது. தூரத்தையும் இடையூறையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது.

ஐந்தாவது, ஒரே முறை அழைப்பு. "வா, வா, வா" என்று பத்து முறை கூவினால், ஒன்பது முறை கேளாமல் இருக்கலாம் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒரு முறை ஊதுவேன். வரவில்லையென்றால் துரத்தமாட்டேன், துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். மாறாக, எதிர்ப்பக்கமாக நான் ஓடுவேன். ஓடும் பொருளைத் துரத்துவது பிறவிக்குணமல்லவா? அந்தக் குணத்தையே என் பக்கம் திருப்பிக்கொண்டேன். வராது என்று எனக்கே உறுதியாகத் தெரியும் இடத்தில் ஊதவேமாட்டேன்; கயிற்றைப் பற்றிக்கொண்டு நானே அதனிடம் நடந்து போவேன். கிடைக்காரப் பெரியவர் சொன்னதும் அதுதானே!

ஆறாவது, வந்தபின் விடுதலை. விளையாட்டு முடிந்து கட்டிப்போடுவதற்கு மட்டும் கூப்பிட்டால், அழைப்பு என்றாலே இன்பத்தின் முடிவு என்று ஆகிவிடும். ஆகவே பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை ஈரலைக் கொடுத்து, "போ" என்று மீண்டும் விளையாட விட்டேன். நாய் மிக விரும்பும் செயலையே மற்றொரு செயலுக்குக் கூலியாக்கலாம் என்பதை 1959இல் பிரேமாக் என்ற உளவியலாளர் விளக்கினார். மாத்திரை கொடுக்க, குளிப்பாட்ட, ஊசி போட என்றால் விசில் கிடையாது. அதற்கு நான் போய் அழைத்து வருவேன்.

நண்பர்கள் முன்னிலையில் தோல்வி

நான்காம் மாதம் வகுப்புத் தோழர்கள் ஐவர் "நாய்க்கு வகுப்பு எடுக்கிறாயாமே" என்று வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெருமையோடு செவலையைப் புஞ்சைக்குக் கூட்டிச் சென்று ஊதினேன். அது வரவில்லை! ஒருவன் கால்சட்டையை முகர்ந்தது. மற்றொருவன் செருப்பைக் கவ்வியது. அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

பின்னர் நூலகத்தில் பாவ்லவைப் பற்றிப் படித்தபோது ஆறுதல் கிடைத்தது. செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதைக்கே இது நேர்ந்திருக்கிறது. உதவியாளர் ஒரு நாயைப் பழக்கிவிட்டு அவரை அழைத்துக் காட்டுவார். அவர் அறைக்குள் நுழைந்ததும் பழக்கிய செயல் மறைந்துபோகும். புதிய ஒலியோ ஆளோ வந்தால் நாயின் கவனம் "இது என்ன?" என்று அங்கே போய்விடுகிறது என்று அவர் கண்டார். அதனால் வெளியொலி புகாத தனிக் கட்டடம் ஒன்றே அவருடைய ஆராய்ச்சிக்காக பீட்டர்ஸ்பர்க்கில் எழுப்பப்பட்டது. "மௌனக் கோபுரம்" என்று அது பெயர் பெற்றது. நமக்குக் கோபுரம் கட்ட வசதியில்லை. ஏணியின் படிகளில் "புதிய மனிதர்கள்" என்ற படியைச் சேர்க்க மறந்திருந்தேன், சேர்த்துக்கொண்டேன். அந்த ஐவரே அடுத்த மூன்று வாரமும் பயிற்சிக்கு வந்து உதவினார்கள்.

காற்றும் ஓர் இடையூறே. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று நம் பகுதிக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றுகிறது. மனிதக் குரலை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் செவி சுமார் 45,000 வரை கேட்கும். ஆனாலும் எதிர்காற்றில் எந்த ஒலியும் தேயும். ஆகவே நாய் இருக்கும் பக்கம் நோக்கிக் காற்று வீசும்படி நாம் நிற்பது நல்லது.

முயல் எழுந்த நாள்

சென்ற மார்கழியில் ஒரு காலை. புஞ்சையில் செவலை எனக்கு நாற்பதடி முன்னால், கயிறு தரையில் இழுபட, போய்க்கொண்டிருந்தது. கோரைப்புதரிலிருந்து ஒரு முயல் துள்ளி எழுந்தது. செவலை அம்புபோல் பாய்ந்தது. அந்தத் திசையில் சற்றுத் தொலைவில் சாலை. வீரனின் கடைசிப் பார்வை என் கண்முன் வந்து நின்றது. கை நடுங்க மூன்று முறை ஊதினேன்.

செவலை மேலும் பத்துப் பாய்ச்சல் ஓடிற்று. பிறகு அதன் உடல் வில்லாக வளைந்தது. புழுதியில் பெரிய அரைவட்டம் போட்டுத் திரும்பி, காதுகள் பின்னால் மடங்க, என்னை நோக்கி ஓடிவந்தது. பையிலிருந்த ஈரல் முழுவதையும் அதன் முன் கொட்டினேன். அது தின்று முடிக்கும்வரை எழ முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சொல்வதால் எந்த நாயும் எந்த நேரமும் வந்துவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. சாலையோரத்தில் இன்றும் செவலையைக் கயிற்றோடுதான் நடத்துகிறேன். ஆடித்தபசுக் கூட்டத்திலும் வெடிச்சத்தத்திலும் அதை வெளியே விடுவதில்லை. பழக்கம் முற்றிய பிறகும் கூலியை நிறுத்தவில்லை. சில நாள் ஒரு தட்டு, சில நாள் ஈரல், சில நாள் விளையாட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். எப்போது எது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்கு வலிமை அதிகம் என்பது ஸ்கின்னர் கண்ட உண்மை.

நிறைவாக ஒன்று. அழைப்பு என்பது கட்டளை என்று நினைத்திருந்தேன், அது வாக்குறுதி. "என்னிடம் வா, உனக்குத் தீங்கு நேராது" என்பதே அதன் பொருள். அந்த வாக்கை நாம் ஒருமுறை மீறினால் அழைப்பு அந்த அளவு வலுவிழக்கிறது. நூறு முறை காப்பாற்றினால் நூறு மடங்கு வலுப்பெறுகிறது. சில வகுப்புகளில் மணி அடிக்குமுன்பே மாணவர்கள் நிறைந்துவிடுவதும், சிலவற்றில் வருகைப் பதிவேட்டைக் காட்டியும் நிறையாததும் எதனால் என்று எனக்கு இப்போது ஓரளவு விளங்குகிறது. பேராசிரியப் பெருமக்கள் இந்த ஒப்புமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

உங்கள் வீட்டு நாய் ஒரு மணி நேரம் ஊர்சுற்றிவிட்டு இன்று மாலை வாசலுக்கு வரும். உங்கள் கையில் குச்சி இருக்கலாம். அதைக் கீழே போட்டுவிட்டு, "வந்துட்டியா" என்று தலையைத் தடவிக் கொடுங்கள். நான் வீரனுக்குச் செய்யத் தவறியது அதுதான்.